நாணல் திட்டில் கருப்பி

"கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடப்பட்டுள்ளது. ஆற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம்" என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் கரையோரமாக அலறிக்கொண்டு போனது. பவுனு கொட்டகையில் வெறும் முளைக்குச்சியைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு மாடுகளையும் காணவில்லை.

செவலை கிழடு. அதைக் கட்டவே தேவையில்லை, கருப்பி போகிற இடத்துக்குத்தான் அதுவும் போகும். கவலையெல்லாம் கருப்பியைப் பற்றித்தான். நிறைசினை, தலைச்சன் ஈற்று, இன்றோ நாளையோ என்று இருந்தது. அந்தக் கன்று பவுனுக்கென்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

நிறைசினை மாட்டைக் கட்டிப்போடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். காலையில் அப்பாவோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மா அதைச் சொல்லிவிட்டுப் போக, பவுனுதான் கயிற்றை அவிழ்த்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கழுத்துக்குக் கனமாக இருக்குமே என்று மணியையும் கழற்றிவிட்டாள். அதைச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. மணி இப்போது அவள் சுடிதார் பையில் கிடந்தது.

தம்பி கதிரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வயல் ராயப்பனிடம் ஓடினாள். ஆற்றில் வலை போடுகிறவன், திட்டுகளெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"இப்ப மணி பத்தரை. பன்னண்டுக்குள்ள தண்ணி வந்துரும்" என்றான் ராயப்பன். "நான் திரும்புன்னு சொன்னா மாடு கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திரும்பிடணும். சம்மதமா?"

"சம்மதம்ண்ணே" என்றாள் பவுனு. மனசுக்குள் சம்மதிக்கவில்லை.

வாழைத்தோப்பைத் தாண்டியதும் ஈர மணலில் குளம்புத் தடம் தெரிந்தது. ஒன்று லேசாக, ஒன்று ஆழமாக. ஆழமான தடம் அங்கங்கே நின்று நின்று போயிருந்தது.

"வலி எடுத்திருக்கு" என்றான் ராயப்பன். சற்று நின்று காது கொடுத்தான். "மணிச் சத்தமே கேக்கலையே?"

பவுனு பையில் கிடந்த மணியை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தடம் கணுக்கால் அளவு ஓடிய வாய்க்காலில் இறங்கி, நடு ஆற்றில் இருந்த நாணல் திட்டில் ஏறியது. ஆளுயர நாணல், உள்ளே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சாணியை மிதித்த கதிர், "சூடா இருக்குக்கா" என்று கத்தினான்.

அடுத்த வெட்டவெளியில் செவலை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கருப்பி. வயிறு ஒட்டியிருந்தது. பின்னால் நஞ்சுக்கொடி பாதி தொங்கியது. கன்றைக் காணோம்.

பவுனு நாணலை விலக்கி விலக்கித் தேடினாள். "நரி தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

"ரத்தமும் இல்ல, இழுத்த தடமும் இல்ல. எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு" என்றான் ராயப்பன்.

கருப்பி நடந்தது, மூவரும் பின்னால் போனார்கள். அது மேற்கே ஒரு புதர் வரை போய்ச் சும்மா புல்லைக் கடித்தது. பிறகு வடக்கே திரும்பி அங்கேயும் புல்லைக் கடித்தது. நேரம்தான் போனது. கதிர் வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டதாம், நுரையும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவாம்.

"முழங்கால் வரைக்கும் ஏறிருச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றான் கதிர்.

"உனக்கு இடுப்புத் தண்ணியே தலைக்கு மேலதான்டா" என்றான் ராயப்பன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "பவுனு, திரும்பு. மாட்டையாவது ஓட்டிக்கிட்டுப் போவோம்."

கருப்பியை மூன்று பேரும் தள்ளினார்கள். அது நகரவில்லை. கொம்பை ஆட்டிவிட்டு மறுபடி மேற்கே நடந்தது.

அப்போதுதான் பவுனுக்கு உறைத்தது. "அண்ணே, அது நம்மள ஏமாத்துது. நாம பாக்குற வரைக்கும் கன்னுகிட்ட போகாது. கதிரு, நாய் மாதிரி குரைடா."

கதிரின் குரைப்பு பள்ளிக்கூடத்தில் பிரசித்தம், கணக்கு வாத்தியாரே ஒருமுறை பெஞ்சில் ஏறியிருக்கிறார். அவன் நாணலுக்குள் புகுந்து, தொண்டையைச் செருமி, வெறிநாயாகக் குரைத்தான்.

கருப்பி விறைத்தது. அடுத்த கணம் வாலைத் தூக்கிக்கொண்டு, அதுவரை திரும்பியே பார்க்காத தென்கிழக்கு மூலைக்குப் பாய்ந்தது. மூவரும் பின்னால் ஓடினார்கள். அங்கே மிதிபட்ட நாணலில் ஒரு கறுப்புக் கன்று காதை மடித்துப் படுத்திருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு முழம் தள்ளி ஊறிக்கொண்டிருந்தது.

ராயப்பன் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். கருப்பி கதறிக்கொண்டே அவன் முதுகை முகர்ந்தபடி இறங்கியது. பவுனு அதன் வாலைப் பிடித்துக்கொண்டாள். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதிர் தொங்கினான். இடுப்பு வரை வந்த தண்ணீர் நடுவில் மார்புக்கு ஏறியது. பவுனுக்கு ஒருமுறை கால் நிலை தப்பியது. வாலை விடவில்லை. கருப்பி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரையேறியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது நாணலின் நுனிகள் மட்டும் வெள்ளத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் திரும்பி வந்த அம்மா, கீழே விழுந்திருந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, கன்றைத் தடவிக் கொடுத்தாள். கிடாரிக் கன்று. "மணி போட்டிருந்த மாட்டைத் தேட இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள்.

பவுனு பையிலிருந்து மணியை எடுத்து நீட்டினாள். "நான்தாம்மா கழட்டுனேன். கனமா இருக்கும்னு."

ராயப்பன் அவளைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் மணியை வாங்கிக் கருப்பியின் கழுத்தில் கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தான். "கயித்த அவுக்கிறது அதுக்காக. மணி நமக்காக" என்றான்.

பவுனு தலையாட்டினாள். ஆலமரத்தடியில் கதிர் தன் வெற்றியை ஊருக்குச் சொல்ல நினைத்து இன்னொரு முறை குரைத்தான். கருப்பியின் மணி கணகணவென்று அவனை நோக்கி ஓடியது. நஞ்சுக்கொடியைக் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே மரத்தில் ஏறியிருந்தான்.