மைனஸ் ஆறு

“கரையில கால் வைக்கிறதுக்கு முன்னாடி வெடி போட்டே ஆகணும்! எங்கப்பா காலத்து வழக்கம்!” என்று கத்திக்கொண்டே படகின் முனையில் கட்டியிருந்த சரவெடிக்கு நெருப்பு வைத்தார் கபிரியேல். படபடவென்று வெடித்தது! எதிரே, உச்சியிலிருந்து வெண்புகை வழிய, சாம்பல் நிறத்தில் நின்றது எரிமலைத் தீவு.

அதே நேரத்தில் படகின் நடுவில் உட்கார்ந்து கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தாள் அவருடைய அக்கா மகள் ரோசலின். டிபன் கேரியர் அளவே இருந்த அந்தக் கருவிதான் இந்தப் பயணத்தின் உயிர். சல்ஃபர் டை ஆக்ஸைடு என்ற விஷவாயு, பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். எண் இரண்டைத் தாண்டினால் முகமூடி மாட்ட வேண்டும். இருபதைத் தாண்டினால் அங்கே யாரும் இறங்கவே கூடாது.

கருவி விஷயத்தில் ரோசலினைக் குறை சொல்ல முடியாது. மஞ்சளாகிப் போயிருந்த வடிகட்டியை மாற்றியிருந்தாள். உறிஞ்சும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, பம்ப் திணறுகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்திருந்தாள். பேட்டரி நிறைந்திருந்தது. வாயுவை உணரும் சென்சாரின் ஆயுள் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆய்வகத்தில் பத்து என்று எழுதிய சிலிண்டர் வாயுவைக் கொடுத்தபோது கருவியும் பத்து என்றே காட்டியது. பாக்கி ஒன்றுதான். சுத்தமான காற்றில் வைத்து, ‘இதுதான் ஜீரோ’ என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம் ஆனது. வெடிப்புகை அவள் மேல் கவிந்தது, இருமிக்கொண்டே சிரித்தாள். திரையில் ஜீரோ வந்ததும் உப்புத்தண்ணீர் படாமல் கருவியை உறைக்குள் வைத்து மூடினாள்.

“கிளம்பலாமா ரோசி?” என்றான் இத்ரீஸ். மலையேறுவதில் கெட்டிக்காரன், பொறுமையில்தான் கொஞ்சம் கஞ்சன். போன வருடம் வேறொரு குழு தீவின் உச்சிப் பள்ளத்தில் ஒரு பதிவுப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தது. மலையின் ஒரு வருடச் சூடும் நடுக்கமும் அதற்குள் இருந்தன. பக்கத்துத் தீவில் இருக்கும் நாற்பது மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருக்கலாமா, காலி செய்ய வேண்டுமா என்று அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை எடுத்துப் போக வந்த இந்த மூவருக்கும் அதைவிடப் பெரிய புதையல் ஏது?

கபிரியேல் வாக்கி டாக்கியோடு படகில் தங்கிவிட, மற்ற இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரை ஏறினார்கள். மலைப்புகை சரிவெங்கும் இறங்கியிருந்தது. பாதி மலை ஏறிய பிறகுதான் ரோசலின் உறையைத் திறந்தாள்.

“தொண்டை கரகரங்குது. தீக்குச்சி கொளுத்துன மாதிரி ஒரு வாடை” என்றான் இத்ரீஸ்.

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்று. “ஒண்ணுதான் காட்டுது. முகமூடி வேணாம்.”

“எனக்கென்னமோ...”

“மூக்க நம்பாத, மீட்டர நம்பு!”

அவளுக்கும் கண் எரிந்தது. சாம்பல்தூசி என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை நான் மன்னிக்க மாட்டேன். பின்னால் அவளும் மன்னிக்கவில்லை.

உச்சியை அடைந்தார்கள். ஐந்து ஆள் ஆழத்தில், புகை தேங்கிய பள்ளத்தின் அடியில் ஆரஞ்சு நிறப் பெட்டி தெரிந்தது! ரோசலின் குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கினாள். பதினைந்து.

“இருபதுக்குள்ளதான் இருக்கு. முகமூடி போட்டுக்க. பத்து நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கூடாது!”

இத்ரீஸ் முகமூடியை இறுக்கிக்கொண்டு கயிற்றில் இறங்கினான். இருமல் அப்போதே ஆரம்பித்திருந்தது. ரோசலின் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிமிடத்தில் காற்று திரும்பியது. கடலிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. புகை விலகி நீல வானம் தெரிந்தது. சுகமாக இருந்தது. குழாயை மேலே இழுத்து, பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள்.

ஐந்து. ஜீரோ. மைனஸ் மூன்று. மைனஸ் ஆறு.

அவளுக்குப் புரியவில்லை. காற்றில் வாயு இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பதற்கும் கீழே ஆறு எப்படி இருக்கும்? பேட்டரியா? குழாய் மடங்கியதா? இரண்டும் சரியாகவே இருந்தன. அப்போதுதான் படகின் முனையில் வெடித்த சரவெடி நினைவுக்கு வந்தது. வெடிமருந்தில் கந்தகம்! அந்தப் புகையை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, ‘இதுதான் சுத்தமான காற்று’ என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது பாவம், சொன்னதை நம்பிவிட்டது.

அப்படியானால் காட்டிய ஒவ்வொரு எண்ணோடும் ஆறைக் கூட்ட வேண்டும். சரிவில் ஒன்று என்றது ஏழு. அதை வெறும் மூக்கோடு அவனைச் சுவாசிக்க வைத்திருக்கிறாள். கீழே பதினைந்து என்றது இருபத்தொன்று!

குழாயை மறுபடி இறக்கினாள். பத்தொன்பது. அதாவது இருபத்தைந்து. ஏறிக்கொண்டே போகிறது!

கயிற்றை மூன்று முறை சுண்டினாள். “இத்ரீஸ்! மேல வா! உடனே!”

“இன்னும் ரெண்டு போல்ட்டுதான் இருக்கு!” முகமூடிக்குள்ளிருந்து குரல் கரகரத்தது. “பதினஞ்சுதானே சொன்ன?”

காற்று திரும்பியதால்தான் எண் ஏறிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா? இரண்டு போல்ட்தானே என்று அவன் நின்றுவிட்டால்?

“நான் தப்பாச் சொன்னேன்! வெடிப்புகையில ஜீரோ போட்டுட்டேன்! தப்பு என்னோடது, வந்துரு!”

கீழே ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. இத்ரீஸ் பெட்டியை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினான். பாதியில் இருமல் அவனை மடக்கியது, கால் வழுக்கியது. ரோசலின் பாறையில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தாள்! விளிம்பில் அவன் கை தெரிந்ததும் சட்டையைப் பிடித்துக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். முகமூடியைக் கழற்றியதும் வாந்தி எடுத்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“மாமா, இன்ஜினப் போடுங்க! பெட்டி வேணாம்!” என்று வாக்கி டாக்கியில் அழுதாள்.

இத்ரீஸ் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரலில் நீர் கோக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ரோசலின் வராந்தாவை விட்டு நகரவில்லை. பதிவேட்டில் எழுதினாள்: ‘முதல் நாள் எண்கள் எல்லாம் தவறு. ஆறு கூட்டிப் படிக்கவும். காரணம்: ரோசலின்.’ கபிரியேல் அதைப் பார்த்துவிட்டு, “என் பேரையும் சேத்து எழுதும்மா” என்றார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனார்கள். இத்ரீஸ் பள்ளத்தில் இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. “அப்ப நான் இறங்குறேன்” என்றாள் ரோசலின்.

“மீட்டர் என்கிட்ட” என்றான் அவன்.

தீவுக்கு வெகுதூரம் முன்பே படகை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கடற்காற்றுக்கு எதிரே கருவியை நீட்டி ஜீரோ போட்டான். இரண்டு முறை. கபிரியேல் வெடிப் பொட்டலத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் குழாயை இறக்கிப் பார்த்து, “ஒம்போது” என்றான் இத்ரீஸ். “நம்புறியா?”

“நம்புறேன்.”

அவள் இறங்கினாள். அவன் நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் கத்திக்கொண்டே இருந்தான். ஒன்பது! பத்து! ஒன்பது! ஏழாவது நிமிடத்தில் ஆரஞ்சுப் பெட்டி விளிம்பில் எட்டிப் பார்த்தது, பின்னாலேயே அவள்!

படகில் ஏறியதும் இத்ரீஸ் கருவியைச் சுத்தமான காற்றில் ஓடவிட்டு, ஜீரோவுக்கு வந்ததைப் பார்த்து அணைத்து, உறையில் வைத்து மூடினான். கபிரியேல் தயங்கித் தயங்கி எழுந்தார்.

“இப்பப் போடலாமா?”

“போடுங்க மாமா!” என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.