ஆண் இல்லாத தொட்டி

மீனின் வயிறு காலையில் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்தது.

எவரிஸ்தோ ஒச்சோவா முகத்தைக் கண்ணாடித் தொட்டியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அறை முழுக்கப் பாசி வாடை. காற்றுக் குழாயின் குமிழ்கள் உடையும் சத்தம், ஓட்டின்மேல் புறாக்கள் நடக்கும் சத்தம், அவற்றுக்கு அடியில், முற்றத்துப் பக்கமிருந்து, ஈரத்தில் எதுவோ சுரண்டுவதுபோல் இன்னொரு சத்தம்.

ஊர் ஊற்று வற்றிய வருடம் அவருடைய தந்தை அங்கிருந்து அள்ளிவந்த மெஸ்கல்பிகே மீன்களின் கடைசிப் பெண் இது. ஐம்பது வருடமாக ஒச்சோவா வீட்டில் கலப்பில்லாமல் காக்கப்பட்ட வம்சம். கடைசி ஆண் ஜனவரியில் இறந்துவிட்டது. அதே ஊற்றின் ஆண் ஒன்று பல்கலைக்கழகத்தில் உயிரோடு இருப்பது போன மாதம்தான் தெரியவந்தது. அதனிடம் இவளைக் கொண்டுபோக இன்று ஆய்வாளர் மரிசேலா வருகிறாள்.

கப்பி மீன் ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் மாதக்கணக்கில் குட்டி போடும். மெஸ்கல்பிகே அப்படியல்ல. ஒவ்வொரு ஈற்றுக்கும் ஆண் வேண்டும்.

பிப்ரவரியில், வம்சம் தன் கையில் அறுந்துவிடுமே என்று, வேறொரு ஊற்றின் ஆணை அவர் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து தொட்டியில் விட்டிருந்தார். வாலோரம் கிழிந்த மீன். பிறந்த குட்டிகளின் வாலில், ஒச்சோவா மீனுக்கு இல்லாத மஞ்சள் பட்டை. அன்றே குட்டிகளையும் ஆணையும் உயிரோடு முற்றத்து ஜெரேனியப் பூச்சட்டியில் புதைத்தார். கை கழுவிக்கொண்டு தேவாலயப் பூசைக்குப் போனார். அது ஏப்ரல். இது ஆகஸ்ட்.

"அம்மாவை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருந்தா அவங்க இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாங்க" என்றாள் மகள் ஒத்தீலியா, சமையலறையிலிருந்து. "அது சரி, ஜெரேனியச் சட்டியை யாரு நோண்டினது? பூனையா?"

"நம்ம வீட்ல பூனை ஏது?"

முற்றத்துக்குப் போனார். சட்டி கவிழவில்லை. மண் உள்ளேயிருந்து மேலே தள்ளப்பட்டு, விரல் பருமனில் ஒரு துளை. சுற்றிலும் ஊசி குத்தியதுபோல் சின்னத் துளைகள். அங்கிருந்து தரையோடுகளின்மேல் ஒரு சேற்றுக்கோடு.

கோடு ஈரமாக இருந்தது.

அதன் பின்னாலேயே நடந்தார். நடை. கூடம். அறை வாசல். கோடு தொட்டி மேசையின் கால்மேல் ஏறியிருந்தது.

வாசல் மணி அடித்தது. ஒத்தீலியா கதவைத் திறந்தாள்.

"தோன் எவரிஸ்தோ, உங்க மகாராணிய அழைச்சிட்டுப் போக வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்த மரிசேலா தொட்டிமுன் குனிந்தாள். சிரிப்பு நின்றது.

"ஆண் செத்துப்போச்சுன்னுதானே சொன்னீங்க?"

அவர் பார்த்தார்.

பெண்ணின் விலாவோடு ஒட்டி ஒரு கிழிந்த வால். கண் இருந்த இடத்தில் குழி. அதன் பின்னால் மஞ்சள் பட்டைக் குட்டிகள், வரிசையாக, அசையாமல். எல்லாம் அவரைப் பார்த்து. ஆண் வாயைத் திறந்தது. மண் ஒரு புகைபோல் தண்ணீரில் இறங்கியது.

"இது யாரோட ஆண், தோன் எவரிஸ்தோ?"

ஒச்சோவாக்கள் பொய் சொன்னதில்லை. எங்கள் மீன்தான் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

ஈரமண் கொட்டியது.