கொதிக்கும் அறையில் குளிர்ந்த பெட்டி

தம்பியின் குரலுக்கு இரண்டு லட்சம் என்று விலை சொன்னார் ஸ்கேன் மையத்தின் மேலாளர். சொல்லிவிட்டு, ஏசி காற்று நேரே முகத்தில் படும்படி நாற்காலியைச் சாய்த்துக்கொண்டார்.

அரைவிலை அக்கா பேரம் பேசவில்லை. பழைய கணினிகளை வாங்கி விற்கும் அவள், எந்தப் பொருளையும் பாதி விலையிலிருந்துதான் கேட்கத் தொடங்குவாள். பெயர் வந்ததும் அதனால்தான். இன்றைக்கு வாயைத் திறந்தால் விலை வராது, வசவுதான் வரும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஏலக்காரன். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று மேசையைத் தட்டிக் கூவி, மூன்றாம் தட்டில் உடைந்த நாற்காலியை அரியணை விலைக்குத் தள்ளிவிடுகிறவன். மூன்று வாரம் முன்பு மூளையில் ரத்தம் கட்டி, வாய் கோணி, இங்கே கொண்டுவரப்பட்டான். கால் மணியில் வரவேண்டிய ஸ்கேன் படங்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்தன. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. இப்போது அவனுக்கு எல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் இல்லை.

"எங்க மேல தப்பில்லீங்க" என்றார் மேலாளர். "ஆபரேட்டர் பொண்ணு செல்போன நோண்டிக்கிட்டு லேட் பண்ணிடுச்சு. சாயங்காலம் அதுக்கு சீட்டு கிழிக்கிறோம். வேற எடத்துலயும் வேலை கிடைக்காது. நீங்க இதுல கையெழுத்து போட்டா பணம் இப்பவே."

"அந்தப் பொண்ண நான் பாக்கணும்."

"எதுக்குங்க?"

"அறையறதுக்கு."

மேலாளர் சந்தோஷமாக வழிகாட்டினார்.

காலை 10.20. கணினி அறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஆபரேட்டர் பெண்ணின் முதுகு முழுக்க வியர்வை. முக்காலியில் ஒரு மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று அவளுக்கு அல்ல, மேசைக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டிக்குப் போனது.

அக்கா ஓங்கிய கை பாதியில் நின்றது.

"எவ்ளோ நேரம் போன் பாத்த?"

"பாக்கவே இல்லக்கா. அண்ணன ஆம்புலன்ஸ்லருந்து எறக்கின உடனே படம் எடுத்தேன். மிஷின்தான் இழுத்துச்சு."

"இழுத்துச்சாம்" என்று முன்னால் வந்த மேலாளர் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தார். பழைய படம் ஒன்றைத் திறந்தார். இரண்டும் தட்டிய மாத்திரத்தில் வந்தன. "பாருங்க, குதிரை மாதிரி ஓடுது."

ஓடத்தான் செய்தது. அக்கா விசிறியைக் காட்டினாள்.

"இது யாருது?"

"என்னுதுக்கா. முன்னாடி சூடு தாங்காம மிஷின் தானா அணைஞ்சுடும். காத்து மிஷினுக்குத்தான், உனக்கில்லன்னு சார் சத்தம் போட்டாரு. இப்ப ஒரு மாசமா அணையறதில்ல. ஆனாலும் பயம், திருப்பறதில்ல."

"புது ஏசி போட்டு ஒரு மாசம் ஆச்சுல்ல, எப்படி அணையும்?" என்றார் மேலாளர். "இன்னிக்கு காலைலதான் ஏசி லைன் போச்சு." கழுத்தைத் துடைத்துக்கொண்டே விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சுவரில் ஏசியின் இரும்புப் பெட்டி. உடைந்த வலை வழியாக உள்ளே பார்த்தாள். விசிறி இறக்கைமேல் ஒரு புறா சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் கீழே இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள்.

"என் தம்பி படத்த மறுபடி போடும்மா. மொதல்லருந்து."

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டார்.

10.35க்குப் பெண் வேலையைத் தொடங்கினாள். அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டியின் பின்புறம் உள்ளங்கையை வைத்தாள். கடையில் விலை கேட்பதற்கு முன் அவள் செய்கிற முதல் சோதனை அது.

10.50. திரையில் கால்வாசிதான் முடிந்திருந்தது. "முதலாளிய கூப்பிடு" என்றாள்.

மையத்தின் உரிமையாளரான டாக்டரம்மா வந்தார்.

"டாக்டரம்மா, இதுக்குள்ள எட்டு கோர் இருக்கு. எட்டு வேலைக்காரங்கன்னு வச்சுக்குங்க. ஒரு ஃபைல தொறக்க ஒருத்தன் போதும். அதான் சார் காட்டினப்ப குதிரை ஓடுச்சு. மண்டைக்குள்ள இருக்கற ரத்தக்குழாய் பூரா கோத்து படமாக்க எட்டு பேரும் வேணும். இந்தச் சூட்டுல எட்டு பேரும் மூச்ச புடிச்சு வேலை செஞ்சா பின்னாடி அனல் அடிக்கணும், உள்ள ஃபேன் அலறணும். தொட்டுப் பாருங்க."

டாக்டரம்மா தொட்டார். புருவம் ஏறியது. "சூடே இல்லையே."

"ஆறு பேர கட்டிப் போட்டுட்டாங்க. ரெண்டு பேர்தான் இழுக்கறாங்க."

அக்கா கணினியை அணைத்துப் போட்டாள். கணினி எழும்போதே வரும் அமைப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. அது ஆபரேட்டருக்கும் மேலாளருக்கும் மட்டும் தெரியும். பெண் அதைத் தட்டினாள். எட்டுக்கு இரண்டுதான் உயிரோடு இருந்தன.

"இவதான் பண்ணியிருப்பா. மிஷின் அணைஞ்சா திட்டு விழும்னு" என்றார் மேலாளர்.

"இவளா?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "பெட்டி இனி சூடாகாதுன்னு தெரிஞ்சவ, வீட்டு ஃபேன அதுக்கு வச்சுட்டு இப்படி வேர்த்து ஊத்த உக்காந்திருப்பாளா? மிஷினுக்குத்தான் காத்துன்னு சட்டம் போட்டது நீங்க. வந்ததும் ஃபேன யோசிக்காம உங்க பக்கம் திருப்பினதும் நீங்க. அணையாதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஏசி..."

"ஏசிக்குள்ள புறா குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னிக்கு காலைல நின்ன ஏசியில எப்படி பொரிக்கும்?"

டாக்டரம்மா ஜன்னலுக்குப் போய், அதே பழைய பெட்டியைப் பார்த்தார். "புது ஏசிக்குப் பணம் வாங்கினீங்களே" என்றார் திரும்பாமலே.

மேலாளருக்கு வியர்த்தது, விசிறி முழுக்க அவர் பக்கம் இருந்தும். "நல்லதுக்குத்தான்மா செஞ்சேன். கோர குறைச்சா சூடு குறையும், கரண்டும் மிச்சம்னு..."

"சூடு குறைஞ்சுது, ஒத்துக்கறேன்" என்று அக்கா எழுந்தாள். "கரண்டு எங்க மிச்சம்? வேலை இல்லாதப்ப கோர் தானே தூங்கும், பெருசா ஒண்ணும் குடிக்காது. வேலை வந்தா கால் மணி எரிய வேண்டிய பெட்டி ஒரு மணி நேரம் எரியும். கொஞ்சங் கொஞ்சமா குடிச்சாலும் குடிக்கறது குடிச்சதுதான். நீ மிச்சம் புடிச்சது என் தம்பி வாயிலருந்துடா."

மேலாளர் வாசலைப் பார்த்தார். வாசலில் தம்பி நின்றிருந்தான். விலகவில்லை.

மாலை 3.00. மேலாளர் அறையின் ஏசி கழற்றப்பட்டு இங்கே வந்து ஓடியது. மேலாளர் காவல் நிலையத்தில் இருந்தார். ஆபரேட்டர் பெண் ஆறு கோரையும் திரும்ப இயக்கி, அதே ஸ்கேனை மறுபடி போட்டாள். கால் மணியில் படங்கள் வந்தன. மூன்று வாரம் முன்பு வரவேண்டிய படங்கள். அவள் திரையைப் பார்த்து அழுதாள். அக்கா விசிறியை அவள் முகத்துக்குத் திருப்பி வைத்தாள்.

"இவ வேலைக்கு நான் பொறுப்பு" என்றார் டாக்டரம்மா. பிறகு தயங்கி, "உங்களுக்கு நாலு லட்சமா..." என்றார்.

பாதி விலையிலிருந்து தொடங்குகிறவளுக்கு இரட்டை விலை காதில் விழவே இல்லை. "என் பொருளில்ல டாக்டரம்மா" என்று தம்பியைப் பார்த்தாள். "நீ சொல்லுடா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கல்லை எடுத்தான். மேசையில் ஒரு முறை தட்டினான். டாக்டரம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் முறை தட்டினான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கல்லை மெல்ல மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். மூன்றாவது தட்டு விழவில்லை.

கோர் ஆறு, வரவு. குரல் ஒன்று, பாக்கி.