பிறரசைவு

மதிவதனி கணவனின் சுண்டுவிரலை மடக்கிச் சொடக்கு எடுத்தாள். தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. 'தன்னசைவு' என்று எழுத்து வந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எழிலரசனின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டைக்கு அசைவுமானி என்று பெயர். மூச்சுக்கருவியோடு கிடப்பவர்களில் கொஞ்சமாவது அசைகிறவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள் என்று எப்போதோ கண்டுபிடித்தார்கள். நல்ல விஷயம்தான். அசையாதவர்களுக்குக் கருவி எதற்கு என்று அதன்பின் கேட்கத் தொடங்கினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். இப்போது அதுவே சட்டம். தன்னசைவு காணாதவரைக் கீழ்த்தளத்து அமைதிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மூச்சுக்கருவி கிடையாது.

அதனால்தான் பார்வை நேரத்தில் அவள் இந்தத் திருட்டு வேலையைச் செய்தாள். அவன் வேலை விட்டு வந்ததும் கையை நீட்டுவான்; அவள் சொடக்கு எடுத்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். முதலில் சுண்டுவிரல், கடைசியில் கட்டைவிரல். இங்கேயும் அதே வரிசையில்தான் அவள் கை போனது.

ஒரு வாரம் ஓடியது. பிறகு திரையில் சிவப்பாக 'பிறரசைவு' என்று வந்தது.

"அக்கா, மிஷின் உங்க கையைப் படிச்சிருச்சு," என்றாள் செவிலி ரோஸ்லின். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "எந்த விரல் முன்ன, எந்த விரல் பின்ன, எவ்வளவு வேகம், அத்தனையும் அதுக்கு அத்துப்படி. இனிமே அந்த மாதிரி வர்றதையெல்லாம் உங்க அசைவுன்னு தள்ளிரும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள அவரா அசைஞ்சாத்தான் உண்டு."

மறுநாள் மதிவதனி கைகளை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தொட்டுக் கெடுத்தது போதும் என்று இருந்தது. வாயால் மட்டும் கெஞ்சினாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை. எனக்காக."

எழிலரசனின் சுண்டுவிரல் மெல்ல மடங்கியது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல்.

திரை சிவந்தது. பிறரசைவு.

அவள் போட்ட கூச்சலில் மருத்துவர் ஷாஜகான் ஓடி வந்தார். அதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

"நான் தொடவே இல்ல டாக்டர்! அவுகளாத்தான் மடக்குனாக. நான் பண்ற மாதிரியே மடக்குனாக!"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க வேதனை புரியுதும்மா. ஆனா ஒரு வாரமா நீங்க பண்ணதும் இதுல இருக்கே. இப்ப நான் எதை நம்புறது?"



சாயங்காலம் அசைவுமானியைக் கழற்றிவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள். லிஃப்டில் ரோஸ்லின் மூச்சுக்கருவிக்குப் பதிலாகக் கைமூச்சுப் பையை அழுத்திக்கொண்டே வந்தாள். இனித் தொட்டால் என்ன என்று மதிவதனி கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் உள்ளங்கைக்குள் சுண்டுவிரல் மடங்கியது.

"சிஸ்டர்! பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா." ரோஸ்லினின் குரல் உடைந்தது. "ஆனா கையைப் பிடிச்சிருக்கிறது நீங்கதானேக்கா."