பன்னிரண்டு நிறுத்தங்கள்

பதினெட்டு வருடம் பஸ் ஓட்டிய அப்பாவின் இடுப்பு, ஒருநாள் மக்கர் பண்ணிவிட்டது. அன்றிலிருந்து டிப்போ வாசலில் நின்று, வரும் வண்டிகளின் எண்ணை எழுதும் வேலை. சாயங்காலம் பிழிந்த துணி மாதிரி வீடு திரும்புவார்.

"மூணு வாரத்துல முதுகு தேறணும். இல்லன்னா, மறுபடி பஸ் ஓட்ட நான் கையெழுத்துப் போட முடியாது," என்று பிசியோதெரபி அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பயிற்சி சுலபம்தான். தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பன்னிரண்டு தடவை. முடித்ததும் அக்கா கொடுத்த அட்டையில் ஒரு டிக்.

அப்பா ஒரு தடவை தூக்குவார். இரண்டாவதற்குள் குறட்டை வந்துவிடும். ஆனால் ஒரு வாரமாக டிக் மட்டும் தவறாமல் விழுந்திருந்தது.

"செய்யாமலே டிக் போட்டிருக்கீங்களேப்பா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டிரிப் ஷீட்டுல கிளம்பும்போதே கையெழுத்துப் போட்டுப் பழகிடுச்சும்மா. படுக்கறதுக்கு முன்னாடியே டிக் போட்டுடறேன். அப்புறம் கண்ணு சொருகிடுது."

"அப்போ வண்டி கிளம்பவே இல்லையே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "முடியலடா கண்ணு. டிப்போ வாசல்லயே நின்னுட்டுப் போறேன்."

பஸ் ஓட்டாத அப்பாவை எனக்குப் பிடிக்கவே இல்லை.

எவ்வளவு களைப்பானாலும் பஸ்ஸில் அவர் தூங்கியதே கிடையாது. அங்கே கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவருடைய வழியில் எத்தனை நிறுத்தம் என்று எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு.

மறுநாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"பால்பண்ணை ஸ்டாப். இறங்கறவங்க இறங்குங்க."

சொருகிய கண் திறந்தது. இடுப்பு மேலே போனது. பத்து எண்ணிவிட்டு, "போலாம் ரைட்," என்றேன். இடுப்பு இறங்கியது.

"அடுத்து தபாலாபீஸ்."

"நடுவுல மேம்பாலத்த விட்டுட்டியே," என்று சண்டைக்கு வந்தார். சண்டை போடுகிறவருக்குத் தூக்கம் வருமா?

பன்னிரண்டாவது நிறுத்தமான டிப்போ வருவதற்குள் இரண்டு பேரும் ஓய்ந்துபோனோம். அதன்பிறகுதான் டிக் போட விட்டேன். தினமும் இதே பாடுதான்.

கடைசி நாள், பிசியோதெரபி அக்கா அப்பாவைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார்.

"முதல் வாரத்து டிக்கெல்லாம் பொய்ங்க," என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

"தெரியும். முதுகு சொல்லிடும்," என்றபடி அக்கா கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போக அப்பாவின் பழைய பஸ்ஸிலேயே ஏறினோம். "பால்பண்ணை ஸ்டாப்," என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பக்கத்தில் அப்பாவின் இடுப்பு மெல்ல சீட்டை விட்டு எழும்பியது.

நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"உக்காருங்கப்பா. இன்னிக்கு நாம டிக்கெட் வாங்கினவங்க."