ஒளி படாத தாள்

படம் கழுவும் டெவலப்பர் தட்டில் முகம் தெளியத் தொடங்கிய பிறகுதான் அவள் கவனித்தாள்: நெகட்டிவ் வழியே ஒளி காட்டிய தாள் இன்னும், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு அடியிலேயே கிடந்தது. சிவப்பு விளக்கின் மங்கலில் கை தவறி, பெட்டியிலிருந்த வெற்றுத் தாளைத் தட்டில் போட்டிருக்கிறாள். ஒளியே படாத தாள் வெள்ளையாகத்தான் கிடக்க வேண்டும்.

ஆனால் அதில் அவள் கணவர் வந்துகொண்டிருந்தார். முதலில் புருவம், பிறகு தாடி, பிறகு கண்.

ஓவியரான அவர் சாவதற்கு முன் தன் புகைப்படங்களையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தியவர். "நான் போனப்புறம் என் மூஞ்சி எவன் கையிலயும் இருக்கக் கூடாது. ஒளிச்சு வச்சேன்னு தெரிஞ்சுது, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சொன்னவர். அவள் ஒரே ஒரு நெகட்டிவை மட்டும் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். வரையும் பலகைக்கு முன் முக்காலியில் உட்கார்ந்து எதற்கோ சிரிக்கிற படம். அவர் முகம் இப்போதே அவள் நினைவில் கரையத் தொடங்கியிருந்தது. இதுவும் போனால் ஒன்றும் மிஞ்சாது.

தட்டில் இருந்த முகம் சிரிக்கவில்லை. அவளையே முறைத்தது.

இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்த குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"அண்ணி, உள்ளயே குடித்தனம் போட்டுட்டீங்களா?" நாத்தனார்தான். "எங்கண்ணன் படம் எனக்கும் ஒண்ணு வேணும், ஆமா."

"கதவைத் திறந்துடாதே. வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு."

"திறக்கலம்மா. உங்க ராஜ்ஜியம்."

செருப்புச் சத்தம் கூடத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது. ரசாயனத்தின் புளித்த வாடையை மீறி டர்பன்டைன் நெடி எழுந்தது. அவர் தூரிகை கழுவும்போது அவர் சட்டையிலும் அவள் தலையணையிலும் ஏறிக்கொள்ளும் அதே நெடி.

ஒளி காட்டிய தாளை எடுத்துத் தட்டில் அமிழ்த்தினாள். பலகை வந்தது. முக்காலி வந்தது. முக்காலியில் யாருமில்லை.

என்லார்ஜரிலிருந்து நெகட்டிவை உருவி விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அதிலும் இல்லை.

இன்னொரு வெற்றுத் தாளைப் போட்டாள். ஒருமுறை சிரித்து வந்துவிட மாட்டாரா என்ற நப்பாசை.

விளக்கு தெரிந்தது. தட்டுகள் தெரிந்தன. தட்டின் மேல் குனிந்த ஒரு பெண்ணின் முதுகு. அவிழ்ந்த கொண்டை. பிடரி.

பிடரிக்குப் பின்னால் ஒரு கை. நகக்கண்ணில் சாயம்.

அவள் திரும்பவில்லை.

தாள் கருத்துக்கொண்டே வந்தது. விரல்கள் விரிந்தன. நெருங்கின.

அவள் கழுத்தில் இன்னும் எதுவும் படவில்லை.

தாளில், பட்டுவிட்டிருந்தது.