முள் நிற்காத குரல்

பொன்னுதுரை இருமினார். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த பீப் பீப் சத்தம் சட்டென்று நின்றது. இருமல் அடங்கியதும் மறுபடி தொடங்கியது.

மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ரஷ்யாக்காரன் வானத்தில் சுற்றவிட்ட உருண்டையின் சத்தத்தைத் தன் ரிப்பேர் கடையில் பிடித்துக் காட்டி, காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டவர்தான் அவர். இன்று அந்தி மழைக்கு ஈ காக்கை இல்லை. மனைவி விஜயா, "செமாபோக்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேங்க" என்றபோதுகூட, "போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வழக்கம்போல அதட்டித்தான் அனுப்பினார். பின்னறையில், இன்னும் பேச்சு வராத மகள் ஸ்பிரிங்கில் சாரோங் துணி கட்டிய தொட்டிலில் தூங்கினாள். சூடேறிய ரேடியோ வால்வின் கருகல் வாடையும், ஓட்டிலிருந்து வழியும் மழையின் சளசளப்பும், தொட்டில் ஸ்பிரிங் மெல்ல முனகுவதும் கடையை நிறைத்திருந்தன.

"விலாசம் சொல்லு."

அவருடைய குரலேதான். ரேடியோவிலிருந்து.

பொன்னுதுரை ரேடியோவை உற்றுப் பார்த்தார். ரேடியோவுக்குக் காதுதான் உண்டு, வாய் கிடையாது. நாம் பேசுவது அங்கே போகாது. நிலையம் என்றால் அதற்கொரு பேர், டயலில் முள் நிற்க ஓர் இடம். அலைவரிசையைக் கொடுக்கவும் தடுக்கவும் பூமியில் ஆபீஸ் இருக்கிறது. வானத்துக்கு எந்த ஆபீஸ்? அங்கே பூட்டுப் போட்டது யார்? முள்ளைத் திருப்பினார். சிங்கப்பூரில் அதே குரல். கோலாலம்பூரிலும் அதே குரல்.

"எந்த வீடு? யார் இருக்கா?"

வாயைப் பொத்திக்கொண்டார். ஐயோ, பிள்ளை! மூச்சையும் அடக்கிக்கொண்டார். வயரைப் பிடுங்கினார். ரேடியோ விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை.

"சொல்லமாட்டியா? சரி. போறேன்."

அப்பாடா என்று வாயிலிருந்து கையை எடுத்தார். பாழாய்ப்போன பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது.

"போறேன்னு சொல்லக்கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லு."

மழை நின்றுவிட்டது.

"போயிட்டு வரேன்."

பின்னறையில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

ஓடினார். பின்னறை வாசற்படியில் நின்றுவிட்டார். தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. உள்ளே பெரிய ஆள் கனம். ஸ்பிரிங் நூலாய் நீண்டிருந்தது.

"அப்பா," என்றது பேச்சு வராத பிள்ளை. "வந்துட்டேன்."

துணிக்கு வெளியே மகளின் சின்னக் கை மட்டும் நீண்டிருந்தது. இல்லாத ரேடியோ முள்ளொன்றை மெதுவாக, மிக மெதுவாக, அவர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.